மஞ்சள் கடிதத்துக்குப் பிறகு: திவால் வழக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்பும்

கடன், ஜாமீன், திவால் குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர், ஊர், வழக்கு எண் ஆகியவற்றை நீக்கியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. ஆறு ஆண்டுகள் வழக்காடி வென்ற ஒரு குடும்பம், தாங்கள் வென்றது எது என்று தெரியாமல் நிற்பதை அந்தக் கடிதத்தில் பார்த்தேன். அதை இரண்டு வரியில் கடந்துபோக மனம் வரவில்லை.

கேள்வி: என் தந்தை பணி ஓய்வில் கிடைத்த தொகையிலிருந்து 6 லட்சம் ரூபாயைத் தெரிந்த ஜவுளி வியாபாரி ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் கடனாகக் கொடுத்தார். ஓராண்டு வட்டி வந்தது, பிறகு நின்றுவிட்டது. அந்த வியாபாரி தம் வீட்டை மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வைத்துவிட்டு, அடுத்த எட்டாவது மாதம் ஐ.பி. (திவால் மனு) தாக்கல் செய்தார். சார்பு நீதிமன்றம் அவரை நொடித்தவர் என்று அறிவித்தது. செட்டில்மென்டை ரத்து செய்யக் கோரி நாங்கள் போட்ட மனுவைச் சார்பு நீதிமன்றம் ஏற்றது; மாவட்ட நீதிமன்றம் அதை மாற்றியது; சென்ற மாதம் உயர் நீதிமன்றம் சீராய்வு மனுவில் மீண்டும் எங்கள் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது. அப்பாவுக்கு இப்போது 74 வயது. வீடு எங்கள் கைக்கு எப்போது வரும்?

பதில்: வீடு உங்கள் கைக்கு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் உங்கள் தந்தைக்கு நான் செய்யக்கூடிய நன்மை. ஏனென்றால், வீடு வரும் என்று நம்பி நீங்கள் சும்மா இருந்துவிட்டால், உங்களுக்கு வர வேண்டிய பணமும் தவறிப்போகக் கூடும்.

சென்னை நகரம் நீங்கலாகத் தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் தனிநபர் திவால் வழக்குகள் இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின்படியே நடக்கின்றன. 2016-இல் வந்த புதிய திவால் சட்டத் தொகுப்பு இந்தப் பழைய சட்டத்தை நீக்குவதாகச் சொன்னாலும், அந்தப் பிரிவு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. பழைய சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, ஒருவர் நொடித்தவர் என்று ஆணை பிறந்த உடனே அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் வசமோ, அந்தச் சொத்தைப் பொறுப்பேற்றுப் பங்கிடும் அதிகாரியான அஃபிஷியல் ரிசீவர் வசமோ போய்விடுகிறது. அதன்பின் கடன் கொடுத்த எவரும் நீதிமன்ற அனுமதியின்றித் தனியாக வழக்குப் போட்டு அந்தச் சொத்திலிருந்து தம் பணத்தை எடுத்துக்கொள்ள முடியாது. யார் முந்தி ஓடி வந்தாரோ அவருக்கே எல்லாம் என்ற நிலையை மாற்றி, இருப்பதை எல்லோரும் கடனின் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்படி ஓர் ஏற்பாடு.

இனி உங்கள் தீர்ப்புக்கு வருவோம். 53-ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் சொத்தைப் பிறருக்கு மாற்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கலான மனுவின் பேரில் அவர் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், உரிய விலை பெற்று நல்லெண்ணத்துடன் செய்த மாற்றமாக அது இல்லாதபோது, ரிசீவருக்கு எதிராக அந்த மாற்றம் செல்லாது என்று நீதிமன்றம் ரத்து செய்யலாம். திருமணத்தை முன்னிட்டு, திருமணத்துக்கு முன் எழுதிக் கொடுத்தவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் வழக்கில் செட்டில்மென்டுக்கும் மனுத் தாக்கலுக்கும் இடையே எட்டு மாதங்கள்தாம். தான செட்டில்மென்டில் விலை என்ற பேச்சே கிடையாது. அன்பின் காரணமாக எழுதிக் கொடுப்பதாகத்தான் பத்திரத்திலேயே இருக்கும். கிரயப் பத்திரமாக இருந்திருந்தால், விலை கைமாறவில்லை என்றோ நல்லெண்ணம் இல்லை என்றோ நீங்கள் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும்.

இங்கே "ரிசீவருக்கு எதிராகச் செல்லாது" என்ற சொற்களைக் கூர்ந்து கவனியுங்கள். ரத்தானதால் வீடு வியாபாரிக்கும் திரும்பவில்லை, உங்களுக்கும் வரவில்லை, ரிசீவரிடம் உள்ள பொதுச் சொத்தில் சேர்ந்துவிட்டது. இப்படி ஒரு மனுவைப் போடும் கடமை முதலில் ரிசீவருக்கே உரியது. அவரைக் கேட்டும் அவர் மறுத்தார் என்று காட்டி, தம் கடனை நிரூபித்த ஒருவர் நீதிமன்ற அனுமதியுடன் போடலாம் என்பது 54-அ பிரிவு. அதாவது, ரிசீவர் செய்திருக்க வேண்டிய வேலையை, எல்லாக் கடன்காரர்களுக்காகவும் (அதாவது கடன் கொடுத்த எல்லோருக்காகவும்) உங்கள் தந்தை தம் செலவில் செய்து முடித்திருக்கிறார். வழக்கு நடந்தபோது வாய்தாவுக்குக்கூட எட்டிப் பார்க்காதவர்களும் இப்போது பங்கு கேட்டு வருவார்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு. இது உங்களுக்குக் கசக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அதனால்தான் ஒரு காரியத்தை உடனே செய்யுங்கள். இந்தச் சொத்தை மீட்க நீங்கள் செலவழித்த தொகையை, வீட்டை விற்று வரும் பணத்திலிருந்து கடன்காரர்களுக்குப் பங்கிடும் முன் எடுத்துத் தர வேண்டும் என்று திவால் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுக் கொடுங்கள். வழக்கறிஞர் கட்டண ரசீது, நீதிமன்றக் கட்டணம், சான்றிட்ட நகல்களுக்குக் கட்டிய தொகை எல்லாவற்றையும் தேதிவாரியாக இணையுங்கள். உங்கள் முயற்சி இல்லாவிட்டால் பங்கிடுவதற்கே எதுவும் இருந்திருக்காது என்பது உங்கள் பக்கத்தின் வலுவான வாதம்.

பணம் எவ்வளவு வரும் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். வீடு 30 லட்சத்துக்கு விலை போகிறது என்றும், அதன்மீது வங்கி அடமானம் 12 லட்சம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அடமானம் வாங்கியவரின் உரிமையைத் திவால் ஆணை தொடாது. ஆகவே அந்த 12 லட்சம் முதலில் வங்கிக்குப் போகும். விற்பனைச் செலவும் நிர்வாகச் செலவும் ஒரு லட்சம் போக மீதி 17 லட்சம். அரசுக்கான பாக்கி போன்ற முன்னுரிமைக் கடன்கள் எதுவும் இல்லாமல், அடமானமில்லாக் கடன்கள் மொத்தம் 51 லட்சம் என்றால், ரூபாய்க்கு மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். உங்கள் 6 லட்சத்துக்கு 2 லட்சம் வரும். வட்டியிலும் ஒரு செய்தி இருக்கிறது. புரோநோட்டில் மாதம் இரண்டு வட்டி என்று எழுதியிருந்தாலும், பங்கிடும்போது ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் கணக்கிடக் கூடாது என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லோருடைய நிரூபித்த கடனும் முழுவதுமாகத் தீர்ந்து பணம் மிஞ்சினால்தான் மேல்வட்டியைப் பற்றிப் பேச முடியும். அந்த நாள் பெரும்பாலும் வருவதில்லை.

கடன்காரர் பட்டியலில் உங்கள் தந்தையின் பெயரும் சரியான தொகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால், நொடித்தவருக்கு விடுவிப்பு ஆணை (பழைய கடன்களிலிருந்து அவரை விடுவிக்கும் ஆணை) கிடைக்கும் முன் எப்போது வேண்டுமானாலும் கடனை நிரூபித்துப் பெயரைச் சேர்க்கலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, அது வில்லங்கச் சான்றில் ஏறும்படி ரிசீவரைக் கொண்டு செய்வியுங்கள். இடையில் அந்த வீட்டை வேறு யாரிடமாவது விற்க முயன்றால் வாங்குகிறவர் எச்சரிக்கை பெறுவார். எதிர்த்தரப்பு உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போடத் தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள் அவகாசம் உண்டு. உங்களைக் கேட்காமல் தடை ஆணை வந்துவிடாமலிருக்க அங்கே ஒரு கேவியட் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: எங்களிடம் வாங்கிய பணத்தை மறைத்துவிட்டு, கணக்குப் புத்தகமே இல்லை என்று சாதித்த ஒருவரை நொடித்தவர் என்று கீழ் நீதிமன்றம் அறிவித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஏமாற்றியவருக்கே நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்ததாகத்தானே பொருள்?

பதில்: இந்தக் கோபம் புதிதன்று. கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து, அக்காலத்தில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு வழக்கில் 1916-இலேயே இதே கேள்வி எழுந்தது. கடனாளி நேர்மையற்றவர், நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று காரணம் காட்டி அவருடைய திவால் மனுவைத் தள்ளலாமா என்பதே கேள்வி. கூடாது என்று தீர்ப்பாயிற்று. கடனைத் தீர்க்க இயலவில்லை என்பது உள்ளிட்ட சட்ட நிபந்தனைகள் பொருந்தினால், நொடித்தவர் என்ற அறிவிப்பு ஆணை பெற அவருக்கு உரிமை உண்டு; அவருடைய நடத்தையை எடைபோட வேண்டிய இடம் விடுவிப்பு ஆணைக்கான விசாரணை. நம் உயர் நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைத் தொடர்ந்து பின்பற்றி வருகின்றன. உங்கள் வழக்கிலும் தீர்ப்பின் அடிப்படை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் படிக்கும்போது இது அநியாயமாகத் தோன்றும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அவருடைய மனுவைத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய சொத்து அவரிடமே இருந்திருக்கும். மறைத்தவற்றைத் தோண்டி எடுக்க ரிசீவரும் இருந்திருக்க மாட்டார். இரண்டு ஆண்டுக்குள் எழுதிய பத்திரங்களையும், மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் தமக்கு வேண்டிய ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டி அடைத்த பணத்தையும் திவால் சட்டத்தின் வழியே புரட்டிப் பார்க்கும் வாய்ப்பும் போயிருக்கும். ஆகவே அறிவிப்பு ஆணை அவருக்குக் கவசம் என்பது பாதி உண்மைதான். அவருடைய பெட்டியைத் திறக்கும் சாவியும் அதுவே.

விடுவிப்பு விசாரணையில் நீங்கள் ஆஜராகி எதிர்ப்புத் தெரிவியுங்கள். அவருடைய சொத்து மதிப்பு, அடமானமில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா (பாதி) அளவுக்குக்கூட வரவில்லை என்றால், அதற்குத் தாம் பொறுப்பல்லர் என்று அவர் காட்டியாக வேண்டும். வழக்கமான கணக்குப் புத்தகம் வைக்கவில்லை என்பதும், தீர்க்க முடியாது என்று தெரிந்தே கடன் வாங்கினார் என்பதும் முழு விடுவிப்பை மறுக்கப் போதுமான காரணங்கள் என்று 42-ஆம் பிரிவு பட்டியலிட்டிருக்கிறது. கணக்கை மோசடியாக மறைத்ததும் அழித்ததும் 69-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மோசடியால் உண்டான கடனிலிருந்து விடுவிப்பு ஆணையும் அவரைக் காப்பாற்றாது. காசோலை கொடுத்திருந்து அது பணமின்றித் திரும்பியிருந்தால், அந்தக் குற்ற வழக்கு திவால் மனுவால் நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம்.

இத்தனை வழி இருந்தும் பெரும்பாலோர் முதல் ஆணையோடு மனம் ஒடிந்து வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். விடுவிப்பு விசாரணை நாளன்று எதிர்க்க ஒருவரும் வராத நீதிமன்ற அறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: சென்னையில் வசிப்பவர் திவால் மனுவை எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்?

பதில்: சென்னை உயர் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கும் 1909-ஆம் ஆண்டின் மாநகர நொடிப்புச் சட்டம் பொருந்தும். அங்கே உயர் நீதிமன்றமே முதல் நீதிமன்றம். சொத்து, ரிசீவருக்குப் பதிலாக அஃபிஷியல் அசைனி என்ற அதிகாரியிடம் போகும். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற சென்னை வங்கி நிறுவனம் நொடித்தபோது இதே நீதிமன்றத்தில்தான், அப்போது நடப்பிலிருந்த வேறொரு சட்டத்தின்படி, அதன் திவால் மனு வந்தது. பல்லாயிரம் பேரின் சேமிப்பு அதில் போயிற்று. அதன் பங்குதாரர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அந்த அதிர்ச்சியிலிருந்தே 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

கேள்வி: நான் இயக்குநராக இருந்த சிறு நிறுவனம் தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, வேறொருவர் அதை எடுத்துக்கொள்ளும் திட்டமும் ஒப்புதல் பெற்றுவிட்டது. நிறுவனத்தின் கடனுக்கு நான் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். நிறுவனமே விடுபட்ட பிறகு வங்கி என்மீது நடவடிக்கை எடுக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இதை நிறுத்த முடியுமா?

பதில்: ஜாமீன் விஷயத்தில் சட்டம் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு இணையானது. திவால் நடவடிக்கை தொடங்கியதும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் தடைக்காலப் பாதுகாப்பு (வசூல் நடவடிக்கைகளை நிறுத்திவைப்பது), அதன் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபருக்குக் கிடைக்காது என்று பாரத ஸ்டேட் வங்கி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்த்துவிட்டது. வேறொருவர் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளும் மீட்புத் திட்டம் ஒப்புதல் பெற்ற காரணத்தால் மட்டும் ஜாமீன்தாரர் தாமாக விடுபட்டுவிட மாட்டார் என்று 2021 மே 21-ஆம் நாள் தீர்ப்பு சொன்னது. ஜாமீன்தாரர்மீது தனித் திவால் நடவடிக்கை எடுக்க வழி செய்யும் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2023 நவம்பர் 9-ஆம் நாள் இன்னொரு தீர்ப்பு வந்தது. இந்த மூன்றும் இருக்கும்போது, அதே வாதங்களை மீண்டும் எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போவதால் உங்கள் கைப்பணம்தான் கரையும்.

உயர் நீதிமன்றக் கதவு எப்போது திறக்கும் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. திவாலான ஒரு நிறுவனத்தின் சுரங்கக் குத்தகையை நீட்டித்துப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று கர்நாடக அரசுக்குச் சென்னையிலுள்ள தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. திவால் சட்டத்தில் மேல்முறையீட்டு வழி இருக்கும்போது உயர் நீதிமன்றம் தலையிட்டது சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போக, சரியே என்று 2019 டிசம்பர் 3-ஆம் நாள் தீர்ப்பு வந்தது, நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதிய தீர்ப்பு அது. சுரங்கக் குத்தகையைத் தருவதா மறுப்பதா என்பது அரசின் பொதுச் சட்ட அதிகாரத்தைச் சார்ந்தது. அதைத் தீர்ப்பாயம் சீர்தூக்கிப் பார்க்க இயலாது. அதிகாரமே இல்லாத இடத்தில் தீர்ப்பாயம் புகுந்தால் உயர் நீதிமன்றம் தலையிடலாம் என்பது அதன் சாரம். அதிகாரம் இருந்து, அதைத் தவறாகப் பயன்படுத்தியதாக மட்டும் குறை இருந்தால், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குக் காலக்கெடு 30 நாள். போதிய காரணம் காட்டினால் மேலும் 15 நாள் வரை. ரிட் மனுவில் காலத்தைக் கழித்துவிட்டு இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. ஜாமீன் பத்திரத்தின் முழு நகலை வாங்கி, உச்சவரம்பு ஏதாவது குறிப்பிட்டிருக்கிறதா, நீங்கள் இயக்குநர் பதவியிலிருந்து விலகிய பிறகு உங்கள் ஒப்புதலின்றிக் கடன் நிபந்தனைகளை வங்கி மாற்றியதா என்று வரிவரியாகப் பாருங்கள். மீட்புத் திட்டத்தின் வழியாக வங்கிக்குக் கிடைத்த தொகை உங்கள் கணக்கில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். கேட்காமலேயே கழித்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: வீட்டில் தையல் தொழில் செய்கிறேன். கணவரின் அறுவை சிகிச்சைக்காகப் பலரிடம் வாங்கிய கடன் வட்டியோடு 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒருவர் வழக்குப் போட்டு இருவர்மீதும் தீர்ப்பு வாங்கிவிட்டார். பணம் கட்டாவிட்டால் இருவரையும் சிறையில் போடுவதாகவும், தையல் இயந்திரத்தையும் தாலியையும் ஜப்தி செய்வதாகவும் மிரட்டுகிறார். மஞ்சள் கடிதம் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் ஊரில் தலைகாட்ட முடியாதே என்று கணவர் அழுகிறார்.

பதில்: அம்மா, முதலில் அச்சத்தை விடுங்கள். பணக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு திட்டமாகச் சொல்கிறது. உங்கள் கணவரையும் ஏழ்மைக்காகச் சிறையில் அடைக்க முடியாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் இதை நிலைநாட்டினார்: கட்ட வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு ஏமாற்றுபவரைத்தான் சிறைக்கு அனுப்பலாம், கையில் இல்லை என்பது குற்றம் ஆகாது. நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் வந்தால் உங்கள் கணவர் குறித்த நாளில் நேரில் போய், வருமானம் எவ்வளவு, மருத்துவச் செலவு எவ்வளவு என்பதைச் சான்றுகளோடு சொல்ல வேண்டும். போகாமல் இருந்துவிட்டால்தான் அவர் ஒளிகிறார் என்ற எண்ணம் நீதிமன்றத்துக்கு வரும்.

தையல் இயந்திரம் உங்கள் கைத்தொழிலின் கருவி. அதையும், உடுத்தும் துணிகளையும், சமையல் பாத்திரங்களையும், படுக்கையையும், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகலனையும் ஜப்தி செய்யக் கூடாது என்று அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. தாலி அந்த விலக்குக்குள் வரும். நீங்கள் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டாலும் இந்தப் பொருள்கள் ரிசீவரிடம் போகா.

மஞ்சள் கடிதம் என்று நாம் சொல்வது, கடனைக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், அல்லது நிறுத்தப்போகிறேன் என்று கடன்காரருக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு. அது சட்டம் கூறும் நொடிப்புச் செயல்களில் ஒன்று. அதை அனுப்பியதால் மட்டும் கடன் தீராது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அறிவிப்பு ஆணை பெற்று, அந்த ஆணையில் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும். கடைசிப் படியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். மறந்தால் அறிவிப்பு ஆணையே ரத்தாகி, பழைய நிலைக்குத் திரும்ப நேரும். விடுவிப்புக் கிடைக்கும் வரை, தாம் நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் யாரிடமும் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது குற்றம். 1920-இல் எழுதிய தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. அண்டை வீட்டில் கைமாற்று வாங்கும்போதுகூட இதை நினைவில் வையுங்கள்.

மனுவோடு சொத்துப் பட்டியல் ஒன்று தர வேண்டும். நான் பார்த்த ஒரு பட்டியலில், பழைய இரும்புக் கட்டில் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு என்று எழுதி, எதிரே மதிப்பும் போட்டு, கடைசி வரியில், தம் சகோதரி வீட்டில் இருக்கும் ஒரு சவரன் மோதிரத்தையும் அந்த மனிதர் தாமே சேர்த்திருந்தார். அதை அவர் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. விடுவிப்பு விசாரணையில் கடன்காரர்கள் எதிர்த்தபோது, நீதிபதி அந்தக் கடைசி வரியை உரக்கப் படித்தார்; அவருக்கு விடுவிப்புக் கிடைத்தது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். இருப்பதை மறைக்காமல் வைத்துவிட்டு, முடியவில்லை என்று சொல்வதில் தலைகுனிவு எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் நிலையில் திவால் மனு கடைசி வழியாகவே இருக்கட்டும். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குத் தீர்ப்பு நகலையும், மருத்துவமனை ரசீதுகளையும், யாரிடம் எவ்வளவு வாங்கி இதுவரை எவ்வளவு கட்டினீர்கள் என்ற கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். தவணையில் கட்ட அனுமதிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கவும், கடன்காரர்களை மக்கள் நீதிமன்றத்துக்கு அழைத்துப் பேசவும் அங்கே ஏற்பாடு செய்து தருவார்கள். வட்டி அளவுக்கு மீறியதாக இருந்தால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ்ப் புகார் கொடுக்கலாமா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். கணக்கை எழுதும்போது தேதி நினைவில்லாத தொகைகளையும் விடாமல் எழுதி, எதிரே "தேதி நினைவில்லை" என்று குறித்துவிடுங்கள்.